கோழிக்கு இறகு கொட்டினால் எங்கே பார்ப்பது

கொல்லையில் கோழி வளர்ப்பவர்களுக்குக் கழிச்சல் தெரியும், அம்மை தெரியும், பருந்தும் கீரியும் தெரியும். இறகு கொட்டுவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். போன வருஷம் புரட்டாசியில் ஆரம்பித்துத் தை பிறக்கும்வரை நான் இதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. பணம் போனது, நல்ல கோழிகள் போயின, தூக்கம் போனது. கூடமாட ஆள் இல்லாமல், ஒவ்வொன்றாக நானே பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். இப்போது உங்கள் கொல்லையில் ஒரு கோழி கழுத்து மொட்டையாகத் திரிந்தால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், மாமனார் காலத்து வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், பிள்ளைகள் சென்னையில். முகப்பும், வளவு என்கிற நடுமுற்றப் பகுதியும் பூட்டிக் கிடக்கின்றன. நான் புழங்குவது அடுப்படி, அதை ஒட்டிய அறை, அப்புறம் கொல்லை, அவ்வளவுதான். கொல்லையில் கிணறு, முருங்கை, வேம்பு, அதன் நிழலில் கோழிக்கூடு. எல்லாம் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி. ஒரு டஜனுக்குக் கொஞ்சம் மேலே பொட்டைகள், ஒரு சேவல். கூட்டை மூன்றாம் கட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய தேக்குக் கதவையும் நிலைச் சட்டங்களையும் வைத்து ஆசாரி செய்து கொடுத்தார். பூவேலை செய்த சட்டம், ஆணியே இல்லாமல் முளையும் துளையுமாகச் சேர்த்த வேலைப்பாடு. பார்க்கிறவர்கள் எல்லாம் கோழிக்கு இப்படி ஒரு வீடா என்பார்கள். அந்த வேலைப்பாடு பின்னால் கதையில் வரும்.

முதலில் செவலைக் கோழிக்குத்தான் கொட்டியது. காலையில் கூட்டைத் திறந்தால் தரையெல்லாம் செவலை இறகு. தலை, கழுத்து என்று மேலிருந்து தொடங்கி, நாள் போகப்போக மார்பு, முதுகு என்று இறங்கியது. முட்டையை நிறுத்திவிட்டது. அது முடிவதற்குள் சாம்பல் கோழிக்கும் கறுப்புக்கும் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு புள்ளிக்கோழிக்கு முதுகு மட்டும் வெறுமையானது. இன்னும் முட்டையிடாத இளம் விடைகளில் சிலதுக்கு வால் அடியில் இறகு ஒடிந்து குச்சி குச்சியாக நின்றது. எல்லாம் அடுத்தடுத்து வந்ததால் ஒரே நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிறது என்று யாருக்குமே தோன்றும். பால்காரர் சூடு என்றார். எதிர்வீட்டில் கழிச்சல் வரப்போவதற்கு அறிகுறி என்றார்கள். டவுனில் தீவனம் விற்கிற கடையில் ஈரல் டானிக், வைட்டமின், கால்சியம் என்று மூன்று பாட்டில் கொடுத்தார்கள். தண்ணீரில் கலந்து வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. மறுபடி போனபோது இன்னும் விலை கூடிய பாட்டில் ஒன்று. இப்படியே இரண்டாயிரத்துக்கு மேல் போய்விட்டது.

இதற்கு நடுவில், புள்ளிக்கு முதுகு போவதற்கு முன்னால், கோழி வியாபாரி ஒருவர் வந்தார். கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது கொள்ளை நோய். நாளைக்கு ஒண்ணுகூட நிக்காது. இப்பவே தள்ளிவிட்டிருங்க" என்றார். புரட்டாசி மாதம் வேறு, கறிக்குக் கேட்பார் இல்லை. விலையையும் அவரே சொன்னார். இருட்டுகிற நேரத்தில், கேட்டுக்கொள்ள ஒரு துணை இல்லாமல், அவர் சொன்னதைக் கேட்டு வயிற்றில் புளி கரைத்தது. செவலையோடு ஒத்த வயசுள்ள நல்ல முட்டைக்கோழிகள் மூன்றை, சந்தையில் விற்கிற விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு போனார். அந்த மூன்றுக்கும் நோயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. உங்களிடம் யாராவது வாசலில் நின்று நோய் என்று சொல்லி விலை பேசினால், அவரை அனுப்பிவிட்டு வேறு யாரையாவது காட்டிப் பாருங்கள். நிஜமாகவே நோய் என்றால் அந்தக் கோழியை இன்னொரு வீட்டுக்கோ சந்தைக்கோ அனுப்பவே கூடாது. நோய் இல்லை என்றால் விற்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐப்பசி மழை பிடித்தது. அப்போதுதான் வேறொன்றைக் கவனித்தேன். எங்கள் கோழிகள் பொழுது சாயும்போது தாமாகவே கூட்டுக்குள் போய் அடைந்துவிடும், நான் போய்க் கதவைச் சாத்தினால் போதும். அந்த மழைக்காலத்தில் அவை உள்ளே போக மறுத்தன. வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கும், திரும்பி ஓடும். சில கோழிகள் முருங்கை மரத்தில் ஏறி மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தன. பிடித்துப் பிடித்து உள்ளே விட்டேன். இரவெல்லாம் உள்ளே முணுமுணுப்பும் காலை உதறும் சத்தமும் கேட்டன. காலையில் கொண்டைகள் வெளுத்திருந்தன. எனக்கும் கையிலும் இடுப்பிலும் சின்னச் சின்னத் தடிப்பு. ராத்திரியில் சொறிந்து சொறிந்து தூக்கமே இல்லை. தோல் டாக்டரிடம் போனேன். ஒவ்வாமை என்று களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். அதற்கு ஒரு ஆயிரம். களிம்பு தடவினால் அடங்கும், மறுநாள் கூட்டைப் பெருக்கிவிட்டு வந்தால் புதிதாகத் தடிக்கும்.

கோழி கூட்டுக்குப் போக மறுப்பதும், கூட்டைப் பெருக்கினால் எனக்கு அரிப்பதும் ஒரே விஷயம் என்று ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது பொறி தட்டியது. அன்று இரவு ஒன்பது மணி வாக்கில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போனேன். பகலில் எத்தனையோ தடவை பார்த்த கூடுதான். இரவில் அது வேறாக இருந்தது. கோழிகள் அடைந்திருந்த கம்பின் முனை, சட்டத்தில் சொருகியிருந்த இடத்தில், வெளிச்சம் பட்டதும் ஏதோ நகர்ந்தது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, முளையும் துளையும் சேர்கிற இடுக்கில் விட்டு இழுத்தேன். குச்சியின் நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத பூச்சிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. சில சாம்பல் நிறம், சில நல்ல சிவப்பு. ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்துத் தேய்த்தேன். காகிதம் முழுக்க ரத்தக் கோடு. அது என் கோழிகளின் ரத்தம். உடம்பெல்லாம் கூசியது, அழுகையும் வந்தது. பூவேலைச் சட்டத்தின் ஒவ்வொரு இதழுக்குப் பின்னாலும் அவை குடியிருந்தன.

இதைத்தான் செள் என்கிறோம். சிவப்புச் செள் பகலில் கோழி மேல் இருக்காது. மர இடுக்கு, கம்பு முனை, முட்டைப் பெட்டியின் அடி, ஓலைக்குள் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். குடிப்பதற்கு முன் சாம்பல் நிறம், குடித்தபின் சிவப்பு. பகலில் கோழியைப் பிடித்து எத்தனை தடவை இறகை விலக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். பேன் வேறு. கோழிப்பேன் வைக்கோல் நிறத்தில் இருக்கும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும், இறகை விலக்கினால் விறுவிறுவென்று ஓடும். பிறந்ததிலிருந்து சாகும்வரை கோழி மேலேயேதான் வாழும். எச்சம் போடும் இடத்தைச் சுற்றி இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. பேன் என்றால் வைத்தியம் கோழிக்கு. சிவப்புச் செள் என்றால் வைத்தியம் முக்கியமாகக் கூட்டுக்கு. இந்த வேறுபாடு தெரியாமல் கோழியை மட்டும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் தீராது. பகலில் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. கம்பைச் சுற்றியும் இடுக்கு ஓரத்திலும் உப்பும் மிளகுத்தூளும் கலந்து கொட்டினாற்போல் பொடி தெரியும். அது செள்ளின் கழிவு.

மறுநாள் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். பூச்சிகளை ஒரு மூடி போட்ட சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதனால் டாக்டருக்கும் வேலை சுலபமாகிவிட்டது, பார்த்த உடனே செள் என்றார். ஆனால் அவர் சொன்ன அடுத்த வார்த்தைதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. "செள்ளுனால கோழி சோகையாகும், முட்டை குறையும், தூங்க விடாது, தானே கொத்திக்கும். ஆனா நீங்க சொல்ற எல்லாக் கோழிக்கும் இது மட்டும் காரணமா இருக்காது. எந்தக் கோழிக்கு எந்த இடத்துல கொட்டியிருக்குன்னு தனித்தனியாப் பாத்துட்டு வாங்கம்மா."

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கோழியாக மடியில் வைத்துப் பார்த்தேன். இதைப் பகலில் செய்தால் கோழி படபடக்கும். இருட்டிய பிறகு, அடைந்திருக்கும்போது மெதுவாகத் தூக்கினால் பேசாமல் இருக்கும். செவலையின் வெறுங்கழுத்தில் விரலை வைத்தால் முள் முள்ளாக இடறியது. நீலம் ஓடிய குருத்துகள், ஒவ்வொன்றின் நுனியிலும் புது இறகு மூடிய உறை. தோல் சுத்தமாக, புண் இல்லாமல் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டியிருந்தது. அது நோயே இல்லை, பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்றரை வயதை ஒட்டிக் கோழிகள் முதன்முறையாக முழுசாக இறகு மாற்றும், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை. தலை, கழுத்து, மார்பு, முதுகு, அப்புறம் இறக்கை, வால் என்று வரிசையாகப் போகும். முடிய எட்டு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை முட்டை இடாது, இடக்கூடாது, ஏனென்றால் உடம்பில் உள்ள சத்தெல்லாம் இறகுக்குப் போகிறது. குளிர் நாடுகளில் பகல் குறைகிற பருவத்தில் எல்லாக் கோழிகளும் ஒன்றாகக் கொட்டும். நம் பக்கம் பகலின் நீளம் அவ்வளவு மாறுவதில்லை என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சமயத்தில், அடைகாத்து எழுந்தபின்னோ ஒரு ஈடு முட்டை முடிந்தபின்னோ கொட்டும். வியாபாரி கொண்டுபோன மூன்றும் இப்படித்தான் இருந்திருக்கின்றன. குருத்து விடுகிற கோழியை அடிக்கடி தூக்காதீர்கள். அந்தக் குருத்துக்குள் ரத்தம் ஓடுகிறது, அழுத்தினால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் கொட்டும்.

புள்ளிக்கோழியின் முதுகில் குருத்தே இல்லை. இறகுகள் பாதியில் ஒடிந்து, பிடரியில் கொத்திய தழும்பு, இரண்டு விலாவிலும் நகக்கீறல். இது சேவல் செய்த வேலை. மிதிக்கும்போது பிடரியைக் கொத்திப் பிடித்து முதுகில் காலை ஊன்றும். சேவல்களுக்குப் பிடித்த பொட்டை என்று ஒன்றிரண்டு இருக்கும், அவற்றுக்குத்தான் அதிகம் படும். ஒரு சேவலுக்குப் பத்துப் பொட்டையாவது இருக்க வேண்டும் என்பார்கள். மூன்று கோழி போன பிறகு, இறகு மாற்றுகிறதும் அடைக்கு உட்கார்ந்ததும் ஒதுங்கிவிட, சேவலின் கண்ணில் பட்டது நாலைந்துதான். வியாபாரி வந்து போன பிறகுதான் புள்ளிக்கு முதுகு போனது என்பது அப்போதுதான் பொருந்தியது. சேவலைப் பஞ்சாரக் கூடையில் போட்டுத் தனியாகக் கவிழ்த்துவைத்தேன். குதிமுள்ளின் கூரான நுனியை மட்டும் அரம் கொண்டு மழுக்கினேன். அடிவரை வெட்டக்கூடாது, உள்ளே ரத்த ஓட்டம் உண்டு. புள்ளியின் முதுகுப் புண்ணுக்கு மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டேன். ஒடிந்த இறகின் அடித்தண்டு தோலுக்குள் இருக்கிறவரை புது இறகு வராது, அடுத்த தடவை இறகு மாற்றும்போதுதான் வரும். அதனால் சேவலைப் பிரித்த பிறகும் மொட்டையாகவே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

சாம்பல் கோழிக்கு அடிவயிறு மட்டும் வெறுமை. அது அடைக்கோழி. முட்டைக்குச் சூடு நேராகப் படுவதற்காகத் தன் வயிற்று இறகு கழன்றும் பிய்த்தும் போவது இயற்கை. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அடைக்கோழி ராப்பகலாகக் கூட்டிலேயே கிடப்பதால் செள்ளுக்கு முதல் இரை அதுதான். சாம்பலின் கொண்டை மற்றவற்றைவிட வெளுத்து, சுண்ணாம்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அடையிலேயே செத்திருக்கும். அடைவைத்திருக்கிற கோழியை நடுவில் ஒருநாள் இரவாவது டார்ச் அடித்துப் பாருங்கள். குஞ்சு பொரிந்த அன்றே செள் ஏறினால் அவ்வளவு சின்ன உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கும்.

விடைகளின் வாலடி இறகு விஷயம்தான் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நேரம் போவது தெரியாமல் கவனித்தேன். கறுப்பு விடை ஒன்று சத்தமில்லாமல் இன்னொன்றின் பின்னால் போய், வாலடி இறகைப் பிய்த்து விழுங்கியது. கீழே கிடந்த இறகையும் தின்றது. இறகைக் கோழி தின்கிறது என்றால் பெரும்பாலும் தீவனத்தில் புரதம் போதவில்லை, அல்லது அடைத்துப் போட்டுப் பொழுது போகாமல் கிடக்கிறது. எங்கள் கொல்லையில் இரண்டுமே. மழைக்காக நாள் முழுக்க அடைத்துவைத்திருந்தேன். வெளியே திரிந்தால் கரையான், புழு, பூச்சி என்று தாமே தேடிக்கொள்ளும். அடைத்துவைத்தபோது கிடைத்தது குருணையும் கம்பும் சோறும்தான். அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு எட்டு, கம்பில் பதினொன்று வாக்கில். முட்டையிடும் கோழிக்குப் பதினாறு பதினேழாவது வேண்டும். இறகு முளைக்கிற கோழிக்கு இன்னும் கூட. இறகே கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். டானிக் பாட்டிலில் அது இல்லை.

தீவனத்தை மாற்றியதும் அதிக செலவில்லை. கடலைப் புண்ணாக்கு கொஞ்சம், எள்ளுப் புண்ணாக்கு கொஞ்சம், உப்புப் போடாமல் காயவைத்த கருவாட்டைப் பொடித்துக் கொஞ்சம். எள்ளுப் புண்ணாக்கையும் கருவாட்டையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற சத்து கடலைப் புண்ணாக்கில் குறைவு, இந்த இரண்டிலும் அதிகம். உப்புக் கருவாட்டைப் போட்டுவிடாதீர்கள், உப்பு கூடினால் கோழி தாங்காது. கடலைப் புண்ணாக்கை மழைக்காலத்தில் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கில் உண்டாகும் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். இது தவிர, பழைய மண்பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, வேப்பமரத்தடியில் கவிழ்த்துவைத்தால் மறுநாள் காலையில் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு எங்கள் அப்பத்தா இதைத்தான் போடுவார். அதைவிட நல்ல தீவனம் கடையில் இல்லை. கீரைக்கட்டு ஒன்றைக் கோழி எம்பிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிட்டேன். விடைகளின் கவனம் ஒன்றின் வாலிலிருந்து ஒன்று விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். கொத்துப்பட்டு ரத்தம் தெரிகிற கோழியை மட்டும் உடனே பிரித்துவிட வேண்டும். ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மற்றவை விடாது.

இனி கூடு. இதுதான் பெரிய வேலை. கோழிகளையெல்லாம் வளவை ஒட்டிய தாழ்வாரத்துக்கு மாற்றி, ஆசாரியை வரவழைத்துக் கூட்டைப் பிரித்தேன். முளையைக் கழற்றக் கழற்ற உள்ளே அடை அடையாகச் செள். கொதிக்கும் வெந்நீரை ஒவ்வொரு இடுக்கிலும் ஊற்றினேன். மழை விட்ட நாளில் பலகைகளை வெயிலில் போட்டேன். இடுக்குகளில் ஆசாரி ஊதுவிளக்குத் தீயைக் காட்டினார், பழைய காய்ந்த தேக்கு என்பதால் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டுதான். கூட்டுக்கு மட்டும் அடிப்பதற்கு டாக்டர் டெல்டாமெத்ரின் மருந்து எழுதிக்கொடுத்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று சீட்டிலேயே குறித்துக் கொடுத்தார். காலியான கூட்டில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கோழியை விட வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி அடியுங்கள். மீன் தொட்டியோ கிணறோ பக்கத்தில் இருந்தால் மருந்து அதில் படவே கூடாது. மீனுக்கு அது கடுமையான விஷம். என் கொல்லைக் கிணற்றைத் தார்ப்பாயால் மூடிவிட்டுத்தான் தெளித்தேன்.

ஒரு தடவை அடித்துவிட்டு ஓய்ந்துவிட்டால் திரும்ப வரும். மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. நம் ஊர்ச் சூட்டில் செள் முட்டை பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, அதற்கும் ஒரு வாரம் கழித்து மறுபடியும். கோழியை எடுத்துவிட்டுக் கூட்டைக் கொஞ்ச நாள் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றும் சிலர் சொன்னார்கள். சாகாது, ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் இடுக்கில் காத்திருக்கும். கடைசியில் நீற்றிய சுண்ணாம்பை வேப்பெண்ணெய் சேர்த்துக் கெட்டியாகக் கரைத்து இடுக்கெல்லாம் அடைகிற மாதிரி பூசினேன். பூவேலைச் சட்டங்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. அவற்றைக் கழுவி மாடத்தில் வைத்துவிட்டேன். அடைகிற கம்புகளுக்கு வழவழப்பான மூங்கில் போட்டு, கழற்றி வெயிலில் வைக்கிற மாதிரி கொக்கியில் நிறுத்தினேன். கோழிக்கூடு செய்யப் போகிறவர்கள் அழகான பழைய மரத்துக்கு ஆசைப்படாதீர்கள். நம் பக்கம் அது சுலபமாகக் கிடைக்கிறது என்பதுதான் ஆபத்து. இடுக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கோழி மேல் என்னவெல்லாம் போடச் சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எறும்புப் பொடி தூவு என்றார்கள், மண்ணெண்ணெய் தடவு என்றார்கள், மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தில் முக்கி எடு என்றார்கள். மூன்றுமே ஆபத்து. கோழி அலகால் இறகைக் கோதிக் கோதியே வாழ்கிறது, இறகில் போட்டது வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெய் தோலை வேகவைக்கும். ஐவர்மெக்டின் என்று ஒரு மருந்தும் சொல்வார்கள். அது எடைக்குத் தகுந்த அளவில், டாக்டர் சொல்லி மட்டுமே. எந்தப் பூச்சிமருந்து போட்டாலும் எத்தனை நாளைக்கு முட்டையும் கறியும் சாப்பிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். நான் அந்த நாட்களின் முட்டையைக் குழி தோண்டிப் புதைத்தேன். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் யாருக்கும் கொடுக்க முடியாது.

கோழிக்கு அதன் சொந்த வைத்தியம் மண்ணில் புரள்வது. மழைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் குழி பறித்துப் புரண்டுகொண்டிருந்தன. ஐப்பசியில் அந்த இடம் சேறாகிவிட்டது. அந்த மாதத்தில்தான் பூச்சி இவ்வளவு பெருகியது. இப்போது தாழ்வாரத்தில் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்றில் காய்ந்த மணல், சலித்த அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலைத் தூள் போட்டு வைத்திருக்கிறேன். மழையிலும் நனையாது. முதல் நாளே செவலை உள்ளே இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்து இறக்கைக்குள் சாம்பலை வாரிப் போட்டுக்கொண்டது. சாம்பலை நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள், பிளாஸ்டிக் எரித்த சாம்பல் வேண்டாம்.

கணக்குப் பார்த்தால் டானிக், தோல் டாக்டர், பாதி விலைக்குப் போன கோழிகள், நின்றுபோன முட்டை எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குக் குறையாது. நிஜமாகக் குணப்படுத்திய மருந்து, சுண்ணாம்பு, வேப்பெண்ணெய், புண்ணாக்கு எல்லாம் ஆசாரி கூலியைத் தவிர்த்து ஆயிரம் ரூபாய்க்குள். அரசு மருந்தகத்துக்குப் போக முடியாத தூரத்தில் இருப்பவர்கள் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு வழி கேட்கலாம். நம் சிவகங்கை மாவட்டத்தில் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கோழி வளர்ப்பு பற்றி அங்கேயும் கேட்கலாம். போகும்போது கொட்டிய இறகு நாலு, டப்பாவில் பூச்சி, கோழியின் எந்த இடத்தில் கொட்டியிருக்கிறது என்று செல்போனில் எடுத்த படம், இந்த மூன்றையும் கொண்டுபோங்கள். வெறும் வாயால் இறகு கொட்டுது என்று சொன்னால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

தை மாதத்தில் செவலை புது இறகோடு பளபளவென்று நின்றது, மாசி பாதியில் முட்டை இட ஆரம்பித்தது. சாம்பல் தேற இன்னும் நாளானது. விடைகள் கொத்துவதை நிறுத்திவிட்டன. புள்ளியின் முதுகு இன்னும் வெறுமைதான், சேவலைக் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிடுகிறேன். செள் முழுசாக ஒழிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. அமாவாசைக்கு அமாவாசை இரவில் ஈர்க்குச்சியை இடுக்கில் விட்டு, வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பார்க்கிறேன். அன்றைக்கு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பங்குனியில் சந்தையிலிருந்து இரண்டு கோழி வாங்கினேன். அவற்றை இரண்டு வாரம் முகப்புப் பக்கம் பஞ்சாரத்திலேயே வைத்திருந்து, எச்சம் போடும் இடத்தையும் இறக்கை அடியையும் விலக்கிப் பார்த்து, ஒன்றுக்குப் பேன் இருந்ததால் அதற்கு டாக்டரிடம் பொடி வாங்கித் தூவி, வாரம் கழித்து இன்னொரு தடவை தூவி, சுத்தமான பிறகுதான் மற்றவற்றோடு சேர்த்தேன். அவை வந்த பஞ்சாரத்தையும் அடியில் போட்ட சாக்கையும் கொல்லைக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே கொளுத்திவிட்டேன்.